நாயின் வயிறு திருகும்போது உள்ளே என்ன நடக்கிறது?

நாய் வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடிப் பேசினால், எப்படியும் ஒருவர் வாயில் 'ப்ளோட்' என்ற சொல் வந்துவிடும். "எங்கள் நாய்க்கும் வந்தது. ராத்திரி ஒரு பெரிய ஏப்பம் விட்டது, சரியாகிவிட்டது" என்பார் ஒருவர். "எங்கள் நாய்க்கு வந்தது. விடிவதற்குள் போய்விட்டது" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் பேசுவது வேறு வேறு நோயைப் பற்றி, அவ்வளவுதான்.

வயிறு உப்புவது எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டதால் வந்த வினை இது. தானாகவே சரியாகிற உப்புசமும், உயிரைக் குடிக்கிற உப்புசமும் ஒரே பையில் விழுந்து கிடக்கின்றன. முதல் வகையைப் பார்த்துப் பழகியவர், இரண்டாவது வகை வரும்போதும் "வாயுதான், காலையில் பார்க்கலாம்" என்று படுத்துவிடுகிறார். அந்த இரண்டாவது வகையில் வயிற்றுக்குள் என்னதான் நடக்கிறது, மருத்துவமனையில் அவ்வளவு அவசரமாக என்ன செய்கிறார்கள் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். மருத்துவ அறிவு எதுவும் தேவையில்லை. ஒரு பையை முறுக்கினால் என்ன ஆகும் என்று தெரிந்தால் போதும்.

ஒரே பெயர், மூன்று சங்கதிகள்

முதலாவது, வெறும் அதீதத் தீனி. தீனி மூட்டையைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போய்த் திரும்பினால் நாய் பீப்பாய் மாதிரிப் படுத்திருக்கும். மூச்சு வாங்கும், நகரச் சோம்பும். இதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்தான். ஆனாலும் பெரும்பாலும் கண்காணிப்பும் சலைனுமாகவே கடந்துவிடும்.

இரண்டாவது, இரைப்பை காற்றால் விரிவது. பலூன் ஊதியது போல வயிறு இறுகும். திருகல் எதுவும் இல்லை. ஆனாலும் அழுத்தம் கூடினால் இதுவே ஆபத்தாகலாம்.

மூன்றாவதுதான் நம்முடைய விஷயம். விரிந்த இரைப்பை அப்படியே தன் அச்சில் திருகிக்கொள்கிறது. மருத்துவர்கள் இதை 'கேஸ்ட்ரிக் டைலடேஷன் வால்வுலஸ்' என்பார்கள். டைலடேஷன் என்றால் விரிதல், வால்வுலஸ் என்றால் திருகல். பெயர் வாயில் நுழையாததால் 'ஜிடிவி' என்று சுருக்கிவிட்டார்கள். நாம் திருகல் என்றே சொல்லிக்கொள்வோம்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வெளிப்பார்வையில் வித்தியாசம் தெரியாது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு எத்தனை அனுபவசாலியானாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் மருத்துவர்கள் 'திருகல் இல்லை என்று எக்ஸ்ரே சொல்லும்வரை திருகல்தான்' என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறார்கள்.

இரு முனையும் முறுக்கிய மிட்டாய்க் காகிதம்

இரைப்பை ஒரு பை. அதற்கு இரண்டு வாசல்கள். இடது பக்கத்தில், வாயிலிருந்து வருகிற உணவுக்குழாய் வந்து சேரும் வாசல். வலது பக்கத்தில், சிறுகுடலுக்குப் போகிற வாசல். இந்த இரண்டு முனைகளும் ஓரளவுக்கு இடம் மாறாமல் இருக்கும். நடுவில் இருக்கும் பை மட்டும் ஊஞ்சல் துணி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். தீனி வந்தால் விரிய வேண்டும், காலியானால் சுருங்க வேண்டும் என்பதால் அதற்கு அந்தச் சுதந்திரம் தேவை. வம்பும் அந்தச் சுதந்திரத்தில்தான் இருக்கிறது.

இரைப்பைக்குள் காற்று நிறைய நிறைய, அந்தப் பை வயிற்றுக்குள் மேலெழுந்து இடம் தேடுகிறது. வலது பக்கம் இருக்க வேண்டிய குடல் வாசல் நழுவி, வயிற்றின் அடிப்பக்கமாக இடதுபுறம் போய், அங்கிருந்து மேலே ஏறிவிடுகிறது. அரைச்சுற்று சுற்றலாம், முக்கால் சுற்று சுற்றலாம், சில நாய்களில் முழுச்சுற்றே சுற்றிவிடும். மிட்டாய்க் காகிதத்தின் இரண்டு முனைகளையும் முறுக்கி வைத்திருப்பார்களே, அப்படி ஆகிவிடுகிறது இரைப்பை. உள்ளே இருப்பது மேலே வர வழியில்லை, கீழே போகவும் வழியில்லை.

முதலில் விரிந்து அதனால் திருகுகிறதா, முதலில் திருகி அதனால் விரிகிறதா என்பது நிபுணர்களுக்குள்ளேயே இன்னும் முடியாத வழக்கு. நாய் வைத்திருப்பவருக்கு அந்தத் தீர்ப்பு அவசியமில்லை. இரண்டும் சேர்ந்துவிட்டால், ஒன்றை ஒன்று மோசமாக்கிக்கொண்டே போகும் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

காற்று எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு நாய் விழுங்கியதுதான். அவசரமாகத் தின்னும்போதும், மூச்சிரைக்கும்போதும், பதற்றத்தில் எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கும்போதும் காற்று உள்ளே போகிறது. உள்ளே கிடக்கும் தீனி புளித்து வரும் வாயு கொஞ்சம் சேர்கிறது. சாதாரண நாளில் இதெல்லாம் ஏப்பமாக வெளியே வந்துவிடும். வாசல் முறுக்கிக்கொண்ட பிறகு ஏப்பம் வராது. ஆனால் ஒவ்வொரு முறை எச்சிலை விழுங்கும்போதும் காற்று கொஞ்சம் உள்ளே தள்ளப்படலாம். வேதனையில் இருக்கும் நாய் இன்னும் அதிகமாகத்தான் விழுங்கும்.

இதுவரை பார்த்தது: இரைப்பை இரண்டு முனையிலும் கட்டப்பட்ட, நடுவில் தொங்கும் பை. காற்றால் விரிந்து திருகும்போது இரண்டு வாசலும் ஒன்றாக மூடிக்கொள்கின்றன. உள்ளே போன காற்றுக்கு வெளியேற வழி இல்லை.

காலி தொட்டியில் ஓடும் மோட்டார்

காற்று அடைத்துக்கொண்டதால் வயிறு வெடித்து நாய் இறந்துபோகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் இரைப்பை கிழிவதும் உண்டு. ஆனால் பெரும்பாலான நாய்கள் அதற்கு வெகு முன்பே சரிந்துவிடுகின்றன. காரணம் ரத்த ஓட்டம்.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயை ஒருவர் காலால் மிதித்தால் என்ன ஆகும்? அந்தப் பக்கம் தண்ணீர் வராது. நாயின் முதுகெலும்பை ஒட்டி ஒரு பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. உடலின் பின்பாதியிலிருந்து, அதாவது பின்னங்கால்கள், குடல், சிறுநீரகம் எல்லாவற்றிலிருந்தும் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது அதுதான். அதன் பெயர் கீழ்ப் பெருஞ்சிரை. தமனிகளுக்கு இருப்பது போன்ற தடித்த சுவர் இதற்குக் கிடையாது. மேலே ஊதிப்போய் உட்கார்ந்திருக்கும் இரைப்பை அழுத்தினால் சட்டென்று நசுங்கிவிடும். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சிரைக்கும் இதே கதி.

ஆக, பின்பாதியில் ரத்தம் தேங்குகிறது. முன்னால் இருக்கும் இதயத்துக்கு வரவேண்டிய ரத்தம் வரவில்லை. மேல்தொட்டியில் தண்ணீர் ஏறாமல் மோட்டார் மட்டும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழ்த்தொட்டி காலி, மோட்டாரில் பழுதில்லை, இழுக்கத் தண்ணீர்தான் இல்லை. நாயின் இதயம் அந்த நிலைமையில் இருக்கிறது. குறையைச் சரிக்கட்ட வேகமாகத் துடிக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு நூறுக்குள் துடிக்க வேண்டிய பெரிய நாயின் இதயம் 150ஐத் தாண்டிவிடும். துடிப்பு கூடியும் ரத்த அழுத்தம் விழுந்துகொண்டே போகும்.

உறுப்புகளுக்குத் தேவையான ரத்தமும் பிராணவாயுவும் போய்ச் சேராத இந்த நிலைக்கு மருத்துவத்தில் 'ஷாக்' என்று பெயர். மனதுக்கு ஏற்படும் அதிர்ச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செய்தியில் 'ஷாக்கில் இறந்தது' என்று படித்துவிட்டு, நாய் பயந்துபோய்ச் செத்தது என்று சொன்னவரை எனக்குத் தெரியும்!

இதோடு இன்னும் மூன்று சேதங்கள் சேர்ந்துகொள்கின்றன. இரைப்பையின் சுவருக்கே ரத்தம் போவதில்லை. முறுக்கிய துணியில் எப்படி ஈரம் நிற்காதோ, அப்படி. சில மணி நேரத்தில் அந்தச் சுவரின் திசுக்கள் சாகத் தொடங்குகின்றன. அடுத்தது மண்ணீரல். இரைப்பையோடு ஒட்டி இருப்பதால் அதுவும் கூடவே இழுபட்டுப் போகிறது. இரண்டையும் இணைக்கும் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் அறுந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசியும். மூன்றாவது மூச்சு. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரைக்கு உதரவிதானம் என்று பெயர். உப்பிய இரைப்பை அதை முன்னால் தள்ளுவதால் நுரையீரலுக்கு விரிய இடமில்லை. நாய் சிறுசிறு மூச்சாக வாங்கும்.

இவ்வளவும் புரிந்தால், வாயுவைக் கலைக்கும் மருந்து கொடுத்து ஏன் பிரயோசனமில்லை என்பதும் புரிந்துவிடும். கலைந்த வாயு எந்த வழியாக வெளியே வரும்?

வீட்டில் கண்ணுக்குத் தெரிவது

ஒரே ஒரு அறிகுறியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்: வாந்தி எடுக்க முயல்கிறது, எதுவும் வரவில்லை. நாய் கழுத்தை நீட்டி, முதுகை வளைத்து, வயிற்றை எக்கி ஓங்கரிக்கும். வழக்கமாக இந்தச் சத்தத்துக்குப் பிறகு தரையில் ஏதாவது விழும். இப்போது விழாது. அதிகம் போனால் வெள்ளையாகக் கொஞ்சம் நுரையும் கோழையும் வரும். இந்த நுரைதான் பலரை ஏமாற்றிவிடுகிறது. 'வாந்தி எடுத்துவிட்டதே' என்று நிம்மதி அடைகிறார்கள். அது இரைப்பையிலிருந்து வந்ததல்ல. விழுங்க முடியாமல் உணவுக்குழாயில் தேங்கிய எச்சில்.

அதற்கு முன்னாலேயே சில சின்ன மாற்றங்கள் தெரியும். நாய் ஒரு இடத்தில் நிற்காது. படுக்கும், உடனே எழுந்திருக்கும், வாசல்வரை போய்த் திரும்பும். தன் விலாப்பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், அங்கே யாரோ தொட்டது போல. எச்சில் ஒழுகும். சில நாய்கள் முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். பிறகு வயிறு இறுகும். விலா எலும்புக்குப் பின்னால் விரலால் சுண்டினால் பறையில் தட்டியது போல ஒரு சத்தம் கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. வயிறு உப்பித் தெரியவில்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது. நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களில் இரைப்பையின் பெரும்பகுதி விலா எலும்புகளுக்குள் ஒளிந்திருக்கும். அடர்ந்த முடி இருந்தால் இன்னும் மோசம். உள்ளே எல்லாம் நடந்துகொண்டிருக்க, வெளியே வயிறு சாதாரணமாகவே தோன்றும்.

ஷாக் தொடங்கிவிட்டதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. மேலுதட்டைத் தூக்கி ஈற்றின் நிறத்தைப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்கும். (சில நாய்களுக்கு ஈறே கறுப்பு; அவற்றுக்குக் கீழ் இமையின் உட்பக்கத்தைப் பார்க்கலாம்.) கட்டைவிரலால் ஈற்றை ஒருமுறை அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஆனாலோ, ஈறு முதலிலேயே வெளிறிப்போய் இருந்தாலோ, ரத்த ஓட்டம் தடுமாறுகிறது என்று பொருள். ஆனால் ஈறு நன்றாக இருக்கிறதே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். நிறம் மாறுவது தாமதமாக வருகிற அறிகுறி. ஓங்கரிப்புதான் முன்கூட்டியே வருவது.

செய்யக் கூடாதவை பற்றிச் சுருக்கமாக. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாசல் மூடியிருக்கிறது. வாய் வழியாக மருந்து, தண்ணீர், எண்ணெய் எதுவும் வேண்டாம். வயிற்றைப் பிசைந்துவிட வேண்டாம். நடந்தால் சரியாகும் என்று கூட்டிக்கொண்டு நடக்க வேண்டாம். ஊசியால் குத்திக் காற்றை எடுக்கிற காணொளிகளைப் பார்த்துவிட்டு வீட்டில் முயல வேண்டவே வேண்டாம். மண்ணீரல் எங்கே நகர்ந்து கிடக்கிறது என்று வெளியிலிருந்து நமக்குத் தெரியாது.

மருத்துவமனையில் முதல் அரை மணி நேரம்

நாயைத் தூக்கிக்கொண்டு ஓடினால், உடனே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள் என்று எதிர்பார்ப்போம். அவர்களோ காலில் முடியை மழித்து ஊசிக்குழாய் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். 'வயிற்றைப் பார்க்காமல் காலைப் பார்க்கிறார்களே' என்று எரிச்சல் வரும். மேலே சொன்ன மோட்டார் கதையை நினைத்துப் பாருங்கள். தொட்டி காலியாக இருக்கும் நாய்க்கு மயக்க மருந்து கொடுத்தால், ஏற்கெனவே விழுந்துகிடக்கும் ரத்த அழுத்தம் இன்னும் விழும். முதலில் தொட்டியை நிரப்பியாக வேண்டும்.

ஊசிக்குழாயை முன்னங்காலிலோ கழுத்திலோதான் ஏற்றுவார்கள். பின்னங்காலில் ஏற்ற மாட்டார்கள். பின்னங்காலில் போடும் சலைன் இதயத்துக்கு வரவேண்டிய பாதைதானே நசுங்கிக் கிடக்கிறது! முடிந்தவரை பருமனான குழாய், பெரிய நாயானால் இரண்டு காலிலும் ஒவ்வொன்று. சலைன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டாது, வேகமாகப் போகும். ஒரு பங்கு போனதும் நாடி, ஈறு, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். தேவையானால் அடுத்த பங்கு. கூடவே வலி மருந்தும், பிராணவாயுவும்.

அடுத்த வேலை காற்றை இறக்குவது. இதற்கு இரண்டு வழி. ஒன்று, வாய் வழியாக இரைப்பைக்குக் குழாய் விடுவது. மூக்கு நுனியிலிருந்து கடைசி விலா எலும்புவரை குழாயை நாயின் பக்கவாட்டில் வைத்து அளந்து, அந்த இடத்தில் ஒரு ஒட்டுத்துணியால் அடையாளம் வைப்பார்கள். நாய் குழாயைக் கடித்துவிடாமலிருக்க, கட்டுப் போடும் துணிச்சுருளைப் பற்களுக்கு நடுவில் வைத்து, அதன் நடுத்துளை வழியாகக் குழாயைச் செலுத்துவார்கள். குழாய் உள்ளே போய்விட்டால் காற்றும் திரவமும் குபுகுபுவென்று வரும். நாய்க்கு உடனே ஒரு ஆசுவாசம் தெரியும்.

குழாய் போகவில்லையென்றால் இரண்டாவது வழி. வயிற்றின் பக்கவாட்டில் விரலால் தட்டிப் பார்த்து, அதிகமாகப் பறை போல ஒலிக்கும் இடத்தைத் தேடுவார்கள். மந்தமாக ஒலித்தால் அடியில் மண்ணீரல் இருக்கலாம், அந்த இடம் வேண்டாம். நல்ல இடம் கிடைத்ததும் முடியை மழித்து, சுத்தம் செய்து, பருமனான ஊசியை நேராக உள்ளே இறக்குவார்கள். டயரில் காற்றுப் போவது போல 'உஸ்ஸ்' என்ற சத்தம் வரும். கூடவே ஒரு புளித்த நாற்றமும். அந்தச் சத்தம் நீள நீள, நசுங்கியிருந்த பெருஞ்சிரை மெல்ல விரிகிறது என்று அர்த்தம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். 'குழாய் உள்ளே போய்விட்டது, அப்படியானால் திருகல் இல்லை' என்று சொல்வார்கள். அது சரியில்லை. திருகிய இரைப்பைக்குள்ளும் சில சமயம் குழாய் போய்விடும். தீர்ப்பு சொல்ல வேண்டியது எக்ஸ்ரே. நாயை வலது பக்கமாகப் படுக்க வைத்து எடுப்பார்கள். சாதாரண உப்புசமானால் ஒரே பெரிய கறுப்பு வட்டம் தெரியும். திருகலில் அது இரண்டு அறையாகப் பிரிந்து, நடுவே ஒரு வெள்ளைக் கோடு மடிப்பாக ஓடும். ஒரு பெரிய பலூன், அதன் தலைமேல் ஒரு சின்னப் பலூன். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

இதுவரை: முதலில் முன்னங்கால் வழியாகச் சலைன், பிறகு காற்றை இறக்குதல், பிறகு எக்ஸ்ரே. முதல் இரண்டும் நாயை ஆபரேஷன் தாங்கும் நிலைக்குக் கொண்டுவருவதற்காக, எக்ஸ்ரே திருகலா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்காக. திருகலை இவை எதுவும் பிரிக்காது. காற்று இறங்கியதும் வால் ஆட்டுகிற நாயைப் பார்த்து 'சரியாகிவிட்டதே, வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம்' என்று கேட்பவர்கள் உண்டு. முறுக்கு அப்படியே இருக்கிறது, மறுபடி நிரம்பும்.

வயிற்றைத் திறந்த பிறகு

நாயை மல்லாக்கப் படுக்க வைத்து வயிற்றின் நடுக்கோட்டில் திறப்பார்கள். குடலின்மேல் தளர்வாகத் தொங்க வேண்டிய கொழுப்புச் சவ்வு, திருகல் நாயில் இரைப்பையின்மேல் போர்வை மாதிரி இழுத்துப் போர்த்தியிருக்கும். அதைப் பார்த்ததுமே எந்தத் திசையில் சுற்றியிருக்கிறது என்று அறுவை மருத்துவருக்குத் தெரிந்துவிடும். ஒரு கையால் குடல் வாசலைப் பிடித்து இழுத்து, மறு கையால் பையைக் கீழே அழுத்தி, சுற்றை எதிர்த்திசையில் திருப்பிவிடுவார்.

திருப்பியவுடன் தைத்து மூடிவிட மாட்டார்கள். சில நிமிடங்கள் காத்திருப்பார்கள். ரத்தம் திரும்பிப் பாயும்போது இரைப்பையின் நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். சிவந்தும் ஊதாவாகவும் இருந்த இடம் மெல்ல வெளுத்து உயிர் பெற்றால் நல்லது. கறுத்தோ, சாம்பல் நிறமாகவோ, பச்சை ஓடியோ, விரலுக்கிடையில் காகிதம் போல மெலிந்தோ இருந்தால் அந்தப் பகுதி செத்துவிட்டது. வெட்டி எடுத்துவிட்டுத் தைப்பார்கள். மண்ணீரலின் ரத்தக்குழாய்கள் கிழிந்தோ உறைந்தோ போயிருந்தால் அதையும் எடுத்துவிடுவார்கள். மண்ணீரல் இல்லாமல் நாய் நன்றாகவே வாழும்.

அப்புறம் வருவதுதான் இந்த ஆபரேஷனின் அசல் முத்தாய்ப்பு. இரைப்பையின் வலது முனைப்பக்கத்தில் ஒரு சின்னக் கீறல், அதற்கு எதிரே வயிற்றின் வலது உட்சுவரில் இன்னொரு கீறல். இரண்டு விளிம்பையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். காயம் ஆறும்போது இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிடும். இதற்குக் 'கேஸ்ட்ரோபெக்ஸி' என்று பெயர். இரைப்பையைச் சுவரோடு பிணைப்பது என்று பொருள். ஊஞ்சலின் ஒரு பக்கத்தைச் சுவரில் ஆணியடித்து நிறுத்தியது போல. இதைச் செய்யாமல் திருகலை மட்டும் பிரித்துவிட்டால், பாதிக்கு மேற்பட்ட நாய்களுக்குத் திருகல் மறுபடி வருகிறது. செய்துவிட்டால் நூற்றில் ஐந்துக்கும் குறைவு. பிணைத்த பிறகும் வயிறு காற்றால் உப்பலாம். சுற்றத்தான் முடியாது.

ஆபரேஷன் முடிந்ததும் 'ஆபத்து தாண்டிவிட்டது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடைபட்டிருந்த ரத்தம் திறந்துவிட்டதும், திசுக்கள் செத்ததால் உண்டான கழிவுகள் ஒரே மூச்சில் உடலெங்கும் பரவுகின்றன. பல நாள் அடைத்திருந்த சாக்கடையைத் திறந்துவிட்டால் முதலில் வருவது அழுக்குத்தானே. அதை இதயம் தாங்க வேண்டும். பத்து நாய்களில் நாலுக்கு இதயத்துடிப்பு தாளம் தப்புகிறது. அது பெரும்பாலும் முதல் மூன்று நாளில் வருவதால், அதுவரை நாயை ஈசிஜி கருவியோடு இணைத்தே வைத்திருப்பார்கள். மூன்றாம் நாள் காலையில் நாய் எழுந்து நின்று ஒரு கவளம் தின்றால், அதைப் பார்த்து ஊழியர்கள் எல்லோரும் சிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

நேரத்தோடு வந்து ஆபரேஷன் ஆன நாய்களில் பத்தில் எட்டுக்குக் குறையாமல் வீடு திரும்புகின்றன. இரைப்பையில் ஒரு பகுதியை வெட்ட வேண்டி வந்திருந்தால் வாய்ப்பு குறையும். ஆபரேஷன் இல்லாமல் விட்ட திருகல் கிட்டத்தட்ட எல்லா நாய்களையும் கொன்றுவிடுகிறது.

எந்த நாய்க்கு வரும்?

எந்த நாய்க்கும் வரலாம், குட்டைக்கால் டாஷ்ஹண்டுக்குக்கூட. ஆனால் பெரிய உடலும், ஆழமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும் நெஞ்சுக்கூடும் உள்ள நாய்களுக்கு அதிகம். முதலிடம் கிரேட் டேனுக்கு. அவற்றில் பத்தில் நாலு, வாழ்நாளில் ஒருமுறையாவது இதில் சிக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வைமரனர், செயின்ட் பெர்னார்டு, ஐரிஷ் செட்டர், கார்டன் செட்டர், ஸ்டாண்டர்டு பூடில், ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன் எல்லாம் பட்டியலில் உண்டு. வயது கூடக் கூட ஆபத்தும் கூடும். தாய், தந்தை, கூடப் பிறந்த குட்டி யாருக்காவது வந்திருந்தால் கவனம் இன்னும் தேவை. பதற்ற சுபாவம், அள்ளி விழுங்கும் பழக்கம், நாளுக்கு ஒரே ஒரு பெரிய வேளைத் தீனி ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. தீனியை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது.

தீனிக் கிண்ணத்தை உயரத்தில் வைத்தால் திருகல் வராது என்று வெகுகாலம் நம்பினார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் லாரி கிளிக்மன் குழுவினர் 1600க்கும் மேற்பட்ட பெரிய நாய்களைத் தொடர்ந்து கவனித்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். உயரக் கிண்ணத்தில் தின்ற நாய்களுக்குத்தான் ஆபத்து கூடுதலாக இருந்தது! பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதை அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் 'உயர்த்தி வைத்தால் பாதுகாப்பு' என்று இன்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. கழுத்துவலி போன்ற வேறு காரணத்துக்காக மருத்துவர் சொன்னால் ஒழிய, தரையே போதும் என்பது என் கருத்து. தின்ற உடனே ஓடினால்தான் திருகும் என்பதற்கும் வலுவான சான்று இல்லை. ஓடாமலே, நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருந்த நாய்க்கும் வருகிறது.

ஆபத்து அதிகமுள்ள இனமானால், திருகல் வருவதற்கு முன்பே கேஸ்ட்ரோபெக்ஸி செய்துவிடலாம். பெரும்பாலும் கருத்தடை ஆபரேஷனோடு சேர்த்து ஒரே மயக்கத்தில் முடித்துவிடுவார்கள். சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் முறையும் இருக்கிறது. கிரேட் டேன் வைத்திருப்பவர் என்னைக் கேட்டால் தயங்காமல் செய்யச் சொல்வேன். மற்ற இனங்களுக்கு உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து பேசுவது நல்லது.

போனில் என்ன சொல்வது

உங்கள் வழக்கமான மருத்துவர் ராத்திரியில் இருக்க மாட்டார். இருந்தாலும், வயிற்று ஆபரேஷன் அங்கே நடக்குமா என்பது வேறு கேள்வி. எனவே எந்த மருத்துவமனை இரவிலும் திறந்திருக்கிறது, எங்கே ஆபரேஷன் செய்வார்கள் என்பதைப் பகலிலேயே, நாய் நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரம் வந்தால் ஒருவர் வண்டியை எடுக்கட்டும், இன்னொருவர் போகும் வழியிலேயே போன் போடட்டும். "டாக்டர், நாய்க்கு உடம்பு சரியில்லை, வயிறு ஒரு மாதிரி இருக்கிறது" என்று தொடங்கினால், மறுமுனையில் இருப்பவர் நாளைக் காலை நேரம் கொடுத்துவிடலாம். இப்படிச் சொல்லுங்கள்: "எட்டு வயது ஜெர்மன் ஷெப்பர்டு, 36 கிலோ. பத்து மணியிலிருந்து ஓங்கரிக்கிறது, ஒன்றும் வரவில்லை. வயிறு இறுகியிருக்கிறது. திருகலாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. இருபது நிமிடத்தில் வந்துவிடுவோம். ஆபரேஷன் செய்ய இப்போது ஆள் இருக்கிறார்களா?" இல்லை என்றால், அங்கே போய் நிற்காமல் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு, வண்டியை நேராக அங்கே திருப்பச் சொல்லுங்கள்.